நாலு பேர் நடுவில் நாம் ஏன் மாறிப்போகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக உளவியல் என்று பேச்செடுத்தாலே வந்துவிடும் கேள்விகள் இவை. யூடியூபில் ஏதோ ஒரு சோதனையைப் பற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ மனுஷங்க எல்லாரும் ஆட்டு மந்தைதானா?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். இல்லை என்பது என் கட்சி. சூழ்நிலைக்குப் பலம் அதிகம்தான், நாம் நினைப்பதைவிடவே அதிகம். ஆனால் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

நல்லவன் எங்கே இருந்தாலும் நல்லவன்தானே? சூழ்நிலை அவ்வளவு முக்கியமா?

1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடத்திய ஆய்வைச் சொல்கிறேன். பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு என்ன தெரியுமா? நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் தாண்டிப் போய்விட, வேற்று இனத்தான் ஒருவன் நின்று காப்பாற்றுகிற விவிலியக் கதை.

போகிற வழியில், ஒரு கதவோரம் ஒருவர் தலையைத் தொங்கவிட்டு இருமி முனகிக்கொண்டு கிடக்கிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். "ஏற்கெனவே நேரமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பேசப்போகிற தலைப்பு பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சமாரியன் கதையைப் பேசப்போன சிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே போனார்களாம்.

இதைக் கேட்டதும் "போலிச் சாமியார்கள்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட்டு வேண்டாம். உதவாமல் வந்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்தபோது பதற்றத்தோடு இருந்தார்கள் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், இங்கே ஒருவர் கிடக்கிறார். இரண்டு கடமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

எல்லோரும் ஒன்று சொன்னால், கண்ணால் பார்த்ததையே மறுத்துவிடுவோமா?

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனை இது. அறையில் ஏழெட்டு இளைஞர்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது? ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். தனியாக உட்கார்த்திக் கேட்டபோது தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு.

அறையில் நிஜமாகச் சோதிக்கப்படுபவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆஷின் ஆட்கள். முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். அப்புறம் எல்லோரும் வாய் கூசாமல் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். நம் ஆளின் முறை கடைசிக்கு முன்பாக வரும். மொத்தம் 18 சுற்றில் 12 சுற்று இப்படி.

சோதிக்கப்பட்ட 123 பேரின் பதில்களில், இந்தச் சுற்றுகளில் மட்டும், 37 சதவீதம் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகின. வீடியோக்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். மீதிக் கணக்கையும் போடுங்கள்: கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பதில் சரி. கால்வாசிப் பேர் ஒருமுறைகூட அசையவில்லை. எல்லாச் சுற்றிலும் வளைந்துகொடுத்தவர்கள் மிகச் சிலரே.

வளைந்தவர்களிடம் காரணம் கேட்டார்கள். "என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்" என்றவர்கள் உண்டு. "உங்கள் ஆய்வைக் கெடுக்க வேண்டாமே" என்றவர்களும் உண்டு. முன்னவர் மற்றவர்களின் கண்ணைத் தகவலாக எடுத்துக்கொண்டார். பின்னவருக்கு உண்மை தெரியும், சங்கடம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். நம் வீட்டிலும் அலுவலகத்திலும் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

எத்தனை பேர் சேர்ந்தால் அழுத்தம் வரும்?

ஆஷ் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எதிரே ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் பாதிப்பு அநேகமாக இல்லை. இரண்டு பேர் என்றால் கொஞ்சம். மூன்று பேர் ஆனதும் தவறான பதில்கள் 32 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஆளைக் கூட்டிப் பார்த்தும் பெரிதாக ஏறவில்லை. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று நம் பாட்டிகள் போட்ட கணக்கு ஏறக்குறையச் சரி.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது இன்னொரு மாற்றம். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும். வளைந்துகொடுப்பது நாலில் ஒரு பங்காகிவிட்டது. அந்த ஒருவர் மற்றவர்களைவிட மோசமான தவறான விடையைச் சொன்ன சோதனையிலும் அழுத்தம் பெருமளவு குறைந்தது. அதாவது அவர் சரியாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஒருமித்த குரல் உடைந்தால் போதும்.

இதை அலுவலகத்திலோ வீட்டிலோ எப்படிப் பயன்படுத்துவது?

மீட்டிங்கில் எம்.டி. முதலில் வாய் திறந்தால் கதை முடிந்தது. அவர் கடைசியில் பேசட்டும். அதற்கு முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள். ஆஷின் சோதனையிலேயே, சத்தமாகச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது வளைவது வெகுவாகக் குறைந்தது.

வீட்டில் சீட்டு எழுதி வாங்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து "நல்ல இடம், நல்ல இடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பெண்ணைப் பார்த்து "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பது கேள்வியே அல்ல. சித்தியோ அத்தையோ தனியாக அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டால் வேறு பதில் வரலாம்.

கூட்டம் அதிகமாக இருந்தால் யாரும் உதவ மாட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியும் ஒரு தவறான செய்தியிலிருந்து பிறந்தது.

1964 மார்ச் 13 அதிகாலை, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக வேடிக்கை பார்த்தும், தாக்குதல் நடந்த நேரத்தில் ஒருவர்கூடப் போலீஸைக் கூப்பிடவில்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் போட்டது. உலகமே நகரத்து மனிதர்களைக் காறித் துப்பியது. பிறகு கிளறிப் பார்த்தால், முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலர். பலருக்குக் கேட்டது ஏதோ சத்தம்தான். ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டுத் தாக்கியவனை விரட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கிட்டியை மடியில் தாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் 911 என்ற ஒற்றை அவசர எண் வந்ததே 1968இல்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் செய்தியில் பிழை இருந்ததை அந்தப் பத்திரிகையே 2016இல் ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தத் தவறான செய்தியைப் படித்துவிட்டு டார்லியும் பிப் லடானேயும் செய்த சோதனைகள் நல்ல சோதனைகள். அதில் ஒன்று: அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சுவரில் உள்ள சிறிய துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். புகையைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதுகிற இரண்டு நடிகர்கள் கூட இருந்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள். புகை அவர்களையும் சேர்த்துத்தானே எரிக்கும்? ஆக இது ஈரமற்ற மனதின் விஷயம் அல்ல. "அவங்க ரெண்டு பேரும் சும்மா இருக்காங்களே, அப்போ ஒண்ணும் இல்லைபோல" என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சோதனையில் ஒருவருக்கு வலிப்பு வருவது மைக் வழியாகக் கேட்கும். கேட்பது தான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு அடங்குவதற்குள்ளேயே எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். பொறுப்பு பங்கு போடப்பட்டுவிட்டது.

சரி, நிஜத் தெருவில்? ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களின் சிசிடிவி பதிவுகளிலிருந்து 219 சண்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியது. சண்டை என்பது கண்ணுக்கு முன் தெளிவாகத் தெரிவது. புகை போல "இது என்ன?" என்ற குழப்பம் அதில் இல்லை.

நம் ஊரில் சாலை விபத்து என்றால் கூட்டம் கூடும், ஆனால் யாரும் தூக்குவதில்லையே?

இதற்குப் புகைச் சோதனை தேவையே இல்லை. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் யார் அலைவது என்ற பயம் வெகுகாலம் இருந்தது, அது நியாயமான பயமும்கூட. ஆஸ்பத்திரியில் "கூட்டிட்டு வந்தது யாரு? பணம் கட்டுங்க" என்பார்கள். காப்பாற்றப் போனவரையே இடித்தவராகப் பார்ப்பார்கள். மனதைக் குறை சொல்லி என்ன பயன்?

2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது: நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில், கிரிமினல் வழக்கு பாயாது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. "நல்லவர்களாக இருங்கள்" என்று பலகை வைப்பதைவிட இவைதான் வேலை செய்யும். என் குறை ஒன்றுதான்: இந்த 134ஏ பற்றித் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

நானே கூட்டத்தில் மயங்கி விழப்போகிறேன் என்றால்?

பொதுவாக "யாராவது உதவுங்க" என்று கத்தாதீர்கள். ஒருவரைப் பிடியுங்கள். "நீலச் சட்டை அண்ணே, நெஞ்சு வலிக்குது, 108-க்குப் போன் போடுங்க." என்ன நடக்கிறது, யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று குழப்பமும் ஒரே வரியில் தீர்ந்துவிடும்.

மேலதிகாரி சொன்னால் கொலைகூடச் செய்வோம் என்று மில்கிராம் நிரூபித்துவிட்டாராமே?

அப்படி அவர் நிரூபிக்கவில்லை. ஆனால் அவர் கண்டது நிம்மதி தரும் விஷயமும் இல்லை.

1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் இந்தச் சோதனையைத் தொடங்கினார். ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கு நடந்துகொண்டிருந்த சமயம். பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆண்கள். நாலரை டாலர் கூலி. அடுத்த அறையில் இருப்பவர் விடையைத் தவறாகச் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, கடைசி சுவிட்ச் வரை போவது ஆயிரத்தில் ஒருவர்தான் என்றார்கள். 1963இல் வெளியான முதல் கட்டுரையில் 40 பேரில் 26 பேர் போயிருந்தார்கள்.

இந்த 65 சதவீதம் ஊரறிந்தது. மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட விதமாக மாற்றி மாற்றி நடத்திப் பார்த்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. கட்டளையிடுபவர் நேரில் இல்லாமல் தொலைபேசியில் சொன்னபோது, கடைசி வரை போனது ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியது. பலர் குறைந்த வோல்ட்டையே அழுத்திவிட்டு, கூட்டிக்கொண்டு போவதாகப் போனில் பொய்யும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு சக ஆட்கள் "முடியாது" என்று எழுந்துவிட்டபோது, கடைசி வரை போனவர்கள் 40இல் 4 பேர். ஆஷின் அறையில் பார்த்தது இங்கேயும் நடக்கிறது.

இன்னொன்று. தயங்கியவர்களிடம் ஆய்வாளர் சொல்ல நாலு வாக்கியங்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. "தொடருங்கள்" என்று தொடங்கி, "உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்தாக வேண்டும்" என்று முடியும். அப்பட்டமான கட்டளை அந்தக் கடைசி வாக்கியம்தான். 2009இல் ஜெர்ரி பர்கர், 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் விதத்தில் இதைத் திரும்பச் செய்தார். நாலாவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு ஒருவரும் தொடரவில்லை. "இந்த ஆய்வுக்கு இது தேவை" என்றால் தொடர்கிறார்கள், "செய்துதான் ஆக வேண்டும்" என்றால் கையை எடுக்கிறார்கள். இதைக் கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்ற நம்பிக்கை இது, ஒருவேளை அதைவிட ஆபத்தானது.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை?

1971 ஆகஸ்ட், கலிஃபோர்னியா. பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் போலிச் சிறை. 24 இளைஞர்கள் தேர்வானார்கள். காவலர் யார், கைதி யார் என்று குலுக்கலில் முடிவு. இரண்டு வாரம் என்று திட்டமிட்டதை ஆறே நாளில் நிறுத்தினார் அதை நடத்திய உளவியலாளர் ஃபிலிப் ஸிம்பார்டோ. "சீருடை போட்டால் யாரும் கொடுமைக்காரர் ஆகிவிடுவார்" என்பதற்குச் சான்றாக அரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்களில் ஓடுகிறது.

நான் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஸிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேடம் கட்டியிருந்தார். காவலர்கள் கடுமையாக இருக்க வேண்டும் என்று அவர் குழுவினர் ஊக்கப்படுத்தியது பின்னாளில் வெளிவந்த ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. அப்படித் தூண்டியும் எல்லாக் காவலர்களும் கொடூரமாக நடந்துகொள்ளவில்லை. கைதிகளுக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்தவர்களும் இருந்தார்கள்.

வதந்தியை ஏன் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள்?

இங்கே நம் நாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது, நமக்கே தெரியாமல்.

1934 ஜனவரி 15 அன்று பீகார்-நேபாளப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். (தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று காந்தி அந்த மாதமே திருநெல்வேலியில் பேச, தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார். அது தனிக் கதை.) அந்தச் சமயத்தில் உலவிய வதந்திகளைத் திரட்டி வைத்தார் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஏதும் இல்லாத பகுதிகளில் கிடைத்தவை அவை. புயல் வரப்போகிறது, வெள்ளம் வருகிறது, சந்திர கிரகணத்தன்று இன்னொரு நிலநடுக்கம் வரும் என்றெல்லாம் பேச்சு. தப்பித்தவர்கள் தங்களைத் தாங்களே ஏன் மேலும் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? இன்னொரு பக்கம், டார்ஜிலிங் நிலச்சரிவில் அழிவைக் கண்ணெதிரே பார்த்தவர்களை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹாவுக்கு இப்படிப்பட்ட வதந்திகள் கிடைக்கவில்லை.

இந்த முரண்தான் அமெரிக்கர் லியோன் ஃபெஸ்டிங்கரை யோசிக்க வைத்தது. பயம் முதலிலேயே வந்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. இந்தப் பொருந்தாமை மனதை அரிக்கிறது. வதந்தி அந்தப் பயத்துக்குக் காரணம் கொடுக்கிறது. இடிந்த வீட்டுக்கு முன் நிற்பவனுக்குக் காரணம் தேவையில்லை. 1957இல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட அறிவாற்றல் முரண்பாட்டுக் கோட்பாடு இங்கிருந்துதான் கிளம்பியது.

2018இல் தமிழ்நாட்டில் பரவிய பிள்ளை பிடிப்பவர்கள் வதந்தியை நினைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டுப் போன குடும்பத்தைக் கூட்டம் தாக்கி, 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரே செய்தி அத்தை, நண்பன், தெருக் குழு என்று மூன்று திசையிலிருந்து வரும்போது மூன்று சாட்சி போலத் தோன்றுகிறது. கிளம்பிய இடம் ஒன்றுதான் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

"இங்கே குப்பை கொட்டாதீர்" பலகைக்குக் கீழேதான் குப்பை அதிகம். ஏன்?

பலகை ஒன்று சொல்கிறது, குவியல் வேறொன்று சொல்கிறது. குவியல்தான் ஜெயிக்கும். எல்லோரும் இங்கேதான் கொட்டுகிறார்கள் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ராபர்ட் சியால்டினி குழுவினர் பாதைகளில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவிட்டு, பலகையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். "முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் காடு பாழாகிறது" என்ற பலகை இருந்தபோது கிட்டத்தட்ட 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்றபோது 2 சதவீதத்துக்கும் கீழே. பலகையே இல்லாதபோது 3 சதவீதம். ஆக, அக்கறையோடு எழுதிய முதல் பலகை திருட்டைக் கூட்டியது. "நம்ம ஜனங்களே இப்படித்தான், யாருமே ரூல்ஸ் மதிக்கிறதில்லை" என்று தினம் புலம்புகிறவர்களும் அந்தப் பலகையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். பிறகும் வழக்கம் ஏன் ஓடுகிறது?

மற்றவர்கள் ஏற்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால். ரியாத் நகரில் மணமான சவூதி இளைஞர்கள் 500 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் தனியாகச் சொன்னார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அதே ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு உண்மைக் கணக்கைச் சொன்னார்கள், வேறு எதுவும் செய்யவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுடைய மனைவியர் வேலைக்கு விண்ணப்பித்தது மற்றவர்களைவிட அதிகம்.

யாருடைய மனதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். வரதட்சணை, கல்யாணச் செலவு போன்றவற்றில் இங்கே இப்படி ஒரு கணக்கு எடுத்தால் என்ன வரும் என்று எனக்கு ஆசை.

"நாம்", "அவர்கள்" என்ற பிரிவை உடைக்கப் பழகவிட்டால் போதுமா?

எப்படிப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது. முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சேர்ந்து சாப்பிட வைத்தால் சாப்பாட்டை வீசிக்கொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோய், எல்லோரும் சேர்ந்தால்தான் ஆகும் என்ற நிலைமையை உண்டாக்கிய பிறகுதான் தணிந்தது.

ஆனால் அவர்கள் சம நிலையில் இருந்த பிள்ளைகள். சாதி அப்படியா? மேத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார். சிலரைப் பல சாதியும் கலந்த அணியில் போட்டார், சிலரை ஒரே சாதி அணியில். ஒரே அணியில் விளையாடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் அணியாக மட்டும் மோதியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. சில விஷயங்களில் நேர்மாறாகவே போனது. ஊர் ஒற்றுமைக்காக என்று தெருவுக்குத் தெரு கோப்பை வைக்கிறவர்கள் அணியை யார் பிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களைப் பற்றியதுதானே? நாம் வேறு இல்லையா?

நியாயமான கேள்வி. அடுத்தவர் தவறு செய்தால் அவர் குணத்தைக் குறை சொல்கிறோம், சூழ்நிலையைப் பார்ப்பதில்லை என்பது இந்தத் துறையின் பழைய கண்டுபிடிப்பு. ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவிலும் மைசூரிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். சின்னக் குழந்தைகளிடம் வித்தியாசம் அதிகமில்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் "அவன் குணம் அப்படி" என்பது கூடியது. மைசூர்க்காரர்கள் "அவன் நிலைமை அப்படி" என்பது கூடியது. ஆக அது மனித இயல்பு இல்லை, வளர்ப்பு. கருத்துக்கு ஒத்துப்போவதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு: 17 நாடுகளின் ஆஷ் வகை ஆய்வுகளைத் தொகுத்தபோது, குடும்பமும் குழுவும் முதன்மையாக இருக்கும் சமூகங்களில் வளைந்துகொடுப்பது அதிகமாக இருந்தது. அமெரிக்காவிலேயே 1950களுக்குப் பிறகு அது குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

பார்த்து நம்புங்கள். 2015இல், உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் தேறியது. சமூக உளவியலின் பங்கு அதைவிட மோசம். முதுமை தொடர்பான சொற்களைப் படித்தால் மெதுவாக நடப்பார்கள் என்பது போன்ற சாதுர்யமான கண்டுபிடிப்புகள் விழுந்துவிட்டன. ஆஷின் கோடுகள் பல நாடுகளில் பலமுறை திரும்பி வந்திருக்கின்றன. என் கைக்கணக்கு இது: சிறிய தூண்டலுக்குப் பெரிய மாற்றம், கேட்டவுடன் 'ஆஹா' என்று இருக்கிறது, ஒரே ஒரு ஆய்வு என்றால் இரண்டு வருடம் பொறுத்திருந்து நம்பலாம்.

சூழ்நிலைதான் காரணம் என்றால் குற்றவாளியை எப்படித் தண்டிப்பது?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை வதைத்த அமெரிக்க ராணுவச் சார்ஜென்ட் ஒருவருக்காக 2004இல் ஸிம்பார்டோ சாட்சி சொன்னார். அந்தச் சிறையின் நிலைமையே ஆளை அப்படி ஆக்கியது என்றார். நீதிபதி ஏற்கவில்லை, எட்டு ஆண்டு சிறை. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதே சிறையில், அதே பட்டாளத்தில் இருந்த இன்னொரு வீரர்தான் அந்த வதையைக் காட்டும் படங்களை விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்தவர்.

ஆனால் ஸிம்பார்டோவின் வாதத்தில் இன்னொரு பாதி இருக்கிறது: அந்தச் சூழ்நிலையை உண்டாக்கியவர்கள் யார், அவர்களை ஏன் கூண்டில் ஏற்றவில்லை? அபு கிரைப் வழக்கில் சிறைக்குப் போனவர்கள் எல்லாம் கீழ்நிலை வீரர்கள். சிறைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரலுக்குக் கிடைத்தது ஒரு படி பதவி இறக்கம்.